படம் யார் பக்கம் பேசுகிறது?

(கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கூட்டத்துக்கு வந்தவர்களைச் சட்டைப் பையில் கைவிடச் சொல்லும் பேச்சாளரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாம் அதைத்தான் முதலில் சொல்லப் போகிறோம். பையிலும் மடியிலும் இருப்பதை வெளியே எடுங்கள். ஒரு தீப்பெட்டி வரும். சிலரிடம் பீடிக்கட்டு வரும். புகையிலைப் பொட்டலமும் வரலாம். வெட்கப்பட வேண்டாம், கண்டிக்க நாம் இங்கே வரவில்லை.

தீப்பெட்டியைப் பாருங்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி வட்டாரத்துக் காகிதம் அது. இரண்டு விரல் அகலம்கூட இராது. அதில் ஒரு படம்: ஒரு மிருகம், ஒரு பூ, அல்லது ஒரு கப்பல். கடைக்குப் போகிற பிள்ளை கம்பெனியின் பெயரைக் கேட்பதில்லை, படத்தின் பெயரைச் சொல்லித்தான் பெட்டியைக் கேட்கிறது. எழுத்துத் தெரியாதவனிடமும் சரக்கு விற்க வேண்டுமானால் படம் வேண்டும் என்பதை முதலாளி நெடுங்காலத்துக்கு முன்பே கண்டுகொண்டான். அதற்காகச் சித்திரக்காரனுக்குக் கூலி கொடுத்தான், கல்லச்சு இயந்திரம் இறக்கினான், நல்ல மை வாங்கினான். அதில் அவன் கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

இப்போது புகையிலைப் பொட்டலத்தைத் திருப்புங்கள். 2009 மே 31 முதல் புகையிலைச் சரக்குகளின் மேல் எச்சரிக்கைப் படம் இருக்க வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. மெல்லும் புகையிலைக்கு அன்று என்ன படம் கொடுத்தார்கள் தெரியுமா? தேள்! தேள் கொட்டினால் விஷம், அதுபோல இதுவும் விஷம் என்பது அவர்கள் எண்ணமாக இருந்திருக்கலாம். ஆனால் மிருகத்தின் படத்தைப் பார்த்தே சரக்கு வாங்கிப் பழகிய நாட்டில் தேளும் ஒரு மார்க்காகத்தானே தெரியும்? மேஜையில் உட்கார்ந்து யோசித்தவருக்குத் தேள் ஓர் உவமை. பெட்டிக்கடை வாசலில் நிற்பவருக்கு அது 'தேள் மார்க்'. பிறகு அதை மாற்றினார்கள். 2016 ஏப்ரல் முதல் பொட்டலத்தின் முன்னும் பின்னும் 85 சதவீத இடம் எச்சரிக்கைக்கு என்று ஆயிற்று. புற்று அரித்த வாயும் தொண்டையும் அதில் வந்தன. அதற்கு விளக்கம் கேட்டவர் யாரும் இல்லை.

ஆக, உங்கள் உள்ளங்கையில் இரண்டு படங்கள் இருக்கின்றன. ஒன்று விற்கிறது, மற்றொன்று உயிரைக் காக்க முயல்கிறது. விற்கிற படம் தொடக்கத்திலிருந்தே சரியாகப் பேசியது. காக்கிற படம் திக்கித் திக்கிப் பேசப் பழகியது. இது ஏன்? நமது பேச்சு இதைப் பற்றித்தான்.

அச்சு வடிவமைப்பு என்று ஒரு தொழில் இருக்கிறது. எழுத்து, படம், நிறம், வெற்றிடம் இந்த நான்கையும் ஒரு தாளிலோ, டப்பாவிலோ, சுவரிலோ எங்கே எப்படி வைப்பது என்று தீர்மானிக்கிற வேலை அது. இன்று அந்த வேலை பெரும்பாலும் கம்ப்யூட்டரில் நடக்கிறது. 'எழுத்துத்தான் சேதி, படம் அதற்கு அலங்காரம், பொட்டு வைப்பதுபோல' என்கிற அபிப்பிராயம் அந்தத் தொழிலில் பலருக்கு இருக்கிறது. படித்தவனுக்கு அது அலங்காரமாக இருக்கலாம். கையெழுத்துப் போட மட்டும் கற்றவனுக்கு, இரவு ஷிப்டில் கண் சொக்கி நிற்பவனுக்கு, படம்தான் சேதி. எழுத்துத்தான் அங்கே அலங்காரம்.

கடலூர்ச் சிறையும் கருத்துப்படமும்

இந்த ஊரிலிருந்தே தொடங்குவோம். புதுச்சேரியில் பத்தாண்டு காலம் அஞ்ஞாதவாசம் இருந்த பாரதி, 1918 நவம்பரில் பிரெஞ்சு எல்லையைத் தாண்டி வந்தவுடன் கடலூர் அருகே கைது செய்யப்பட்டு, இங்கேதான் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் நடுவில்தான் வெளியே விட்டார்கள். கடலூர்க்காரர்கள் யாவரும் இதை அறிவீர்கள். பாரதியின் பாட்டு உங்களுக்குத் தெரியும். ஆனால் பாட்டுக்கு வெளியே அவர் செய்த ஒரு காரியம் பலருக்குத் தெரியாது. 1906ல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வாரப் பத்திரிகையில் அவர் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ்ப் பத்திரிகையுலகில் அதற்கு வழி திறந்தவர் அவரே. ஆ. இரா. வேங்கடாசலபதி அந்தப் படங்களைத் தேடித் தொகுத்துப் பின்னாளில் புத்தகமாக்கினார்.

ஏன் செய்தார் பாரதி? எழுத்தால் எதையும் சொல்ல வல்லவர் அவர், அவருக்கா சொல்லுக்குப் பஞ்சம்? அன்றைய தமிழ்நாட்டில் வாசிக்கத் தெரிந்தவர் மிகச் சிலர். திண்ணையில் ஒருவர் உரக்க வாசிக்க, சுற்றிலும் பத்துப் பேர் கேட்ட காலம் அது. கேட்கிற பத்துப் பேரும் தம் கண்ணாலேயே வெள்ளைக்காரச் சுரண்டலைப் பார்க்க வேண்டும் என்றால் அதற்குச் சித்திரம்தான் வழி. எழுதுகிறவரே எழுத்தின் எல்லையைத் தெரிந்து வைத்திருந்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டிய விஷயம்.

சிதம்பரத்துக்கு வருவோம். கோயிலின் கிழக்குக் கோபுர வாசலிலும் மேலைக் கோபுர வாசலிலும் நடனத்தின் 108 கரணங்களைக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். ஏழெட்டு நூற்றாண்டு வயதான வேலை. ஒவ்வொரு உருவத்தோடும் அந்தக் கரணத்துக்குரிய நாட்டிய சாஸ்திர சுலோகத்தைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். படமும் எழுத்தும் பக்கத்துப் பக்கத்தில்! இன்றைய பாடப்புத்தகத்தின் அமைப்பேதான். ஆனால் இந்த எழுத்தை வாசிக்க முடிந்தவர் அன்றைக்கு எத்தனை பேர்? சமஸ்கிருதமும் கிரந்தமும் தெரிந்த சிலர். உருவத்தைப் பார்த்துக் காலை எப்படித் தூக்குவது, கையை எப்படி வீசுவது என்று தெரிந்துகொள்ள யாராலும் முடியும். வாசலைத் தாண்டவே அனுமதி மறுக்கப்பட்ட நந்தனைப் போன்றவர்களுக்கு அந்த உருவமும் கிட்டவில்லை என்பது வேறு கதை. கல்லை வெட்டிய உளிக்காரனுக்கு அந்தச் சுலோகம் புரிந்திருக்குமா என்றுகூட நமக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெட்டியும் பானையும்

இனி ஓட்டுப் பெட்டிக்கு வருவோம். 1951-52ல் இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் சுமார் 17 கோடி. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிந்தவர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர்தான். வாக்குச்சீட்டில் பெயரை அச்சிட்டு, இதில் ஒன்றைத் தேர்ந்தெடு என்றால் நாட்டின் பெரும்பாலோர் திகைத்து நின்றிருப்பார்கள். எனவே வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். 1957 பொதுத்தேர்தல் வரையில் இதே முறைதான். பிறகுதான் ஒரே சீட்டில் சின்னத்தின்மேல் முத்திரை குத்தும் முறை வந்தது.

தேர்தல் கமிஷனில் எம். எஸ். சேத்தி என்று ஒரு வரைவாளர் இருந்தார். 1992ல் ஓய்வு பெற்றார். நாடு முழுவதும் வாக்குச்சீட்டில் புழங்கும் பல சின்னங்கள் அவர் பென்சிலால் போட்ட கோடுகள். வீட்டிலும் வயலிலும் கடைத்தெருவிலும் இருக்கிற பொருள்களையே அவர் வரைந்தார். நிழல் போட்டுப் பூசி மெழுகவில்லை. கோடு மட்டும். விரல் நகத்தளவு சிறிதாக அச்சானாலும், மங்கிய மையில் விழுந்தாலும், தெரிய வேண்டிய பொருள் தெரியும். அவர் பெயர் எந்த வாக்காளருக்கும் தெரியாது. அவர் கோடுகளோ கோடிக்கணக்கான கைகளுக்குத் தெரியும்.

2019ல் சிதம்பரம் நாடாளுமன்றத் தொகுதியில் தொல். திருமாவளவன் பானைச் சின்னத்தில் நின்றார். நாட்டுக்கெல்லாம் அறிமுகமான பெரிய கட்சிச் சின்னம் அல்ல அது, தேர்தலுக்கென்று ஒதுக்கப்பட்டது. கொஞ்ச நாளுக்குள் தொகுதி முழுதும் தெரியவைக்க வேண்டிய நிலைமை. 3,219 வாக்கு வித்தியாசத்தில் அவர் வென்றார். அரசியல் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம், அதற்குள் நாம் போகவில்லை. நாம் சொல்ல வந்தது சித்திரத்தைப் பற்றி: பானையை வரைய இரண்டு வளைகோடு போதும். கரித்துண்டு இருந்தால் சிறுபிள்ளையும் சுவரில் போட்டுவிடும். பார்க்கிறவளோ தினமும் அதில்தான் சோறு வடித்தவள், தண்ணீர் சுமந்தவள். நமக்கு நெடுநாள் பழகிய கதிர் அரிவாளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பொதுத்தேர்தலிலிருந்து இருந்துவருகிற சின்னம் அது. வேறெங்கோ அது வேறு தானியத்தின் கதிராக இருக்கட்டும், கொள்ளிடக் கரையில் அது நெற்கதிர்தான். பார்க்கிறவன் வயலில் எது விளைகிறதோ அதைத்தான் அவன் கண் சித்திரத்தில் காண்கிறது.

இங்கே ஒரு குறை. கல்கி 1950லிருந்து 1954 வரை தொடராக எழுதிய 'பொன்னியின் செல்வன்' நம் வீராணம் ஏரிக்கரையில்தான் தொடங்குகிறது. மணியம் அதற்குப் படம் போட்டார். இன்றுவரை வந்தியத்தேவன் என்றால் மணியம் போட்ட முகம்தான் தமிழனுக்கு ஞாபகம் வருகிறது. ஒரு சித்திரக்காரருக்கு இதைவிடப் பெரிய வெற்றி இல்லை. நாமும் அந்தப் படங்களை ரசித்தவர்கள்தான். ஆனால் அந்த ஏரியை வெட்டியவன் முகம் எப்படி இருந்தது? ஏரித் தண்ணீரில் நடவு நட்டவள் முகம்? குதிரை ஏறியவனுக்கு முகம் கிடைத்தது, மண் சுமந்தவனுக்குக் கிடைக்கவில்லை.

மண் சுமந்தவனுக்கு முகம் கொடுத்த சித்திரக்காரர்களும் இருந்தார்கள். 1943 வங்காளப் பஞ்சத்தில் சுமார் முப்பது லட்சம் மக்கள் மாண்டார்கள். அப்போது சித்தப்பிரசாத் என்ற கம்யூனிஸ்ட் ஓவியர் மிதுனபுரி ஜில்லாவில் கிராமம் கிராமமாக நடந்தார். எலும்பும் தோலுமாகக் கிடந்தவர்களைக் கறுப்பு மையில் வரைந்தார். கட்சிப் பத்திரிகையில் அவை வெளிவந்தன. 'பசித்த வங்காளம்' என்று சிறு பிரசுரமாகவும் வந்தது. வெள்ளைக்காரச் சர்க்கார் அந்தப் பிரசுரத்தைப் பறிமுதல் செய்து அழித்தது. தலையங்கங்களைச் சகித்துக்கொண்ட சர்க்கார் ஏன் சித்திரத்தைக் கண்டு பயந்தது? தலையங்கத்தை மறுத்து அறிக்கை விடலாம். அந்த முகங்களுக்கு மறுப்பு அறிக்கை எழுத முடியாது. சோம்நாத் ஹோரும் 1946ல் வடக்கு வங்காளத்தில் தேபாகா போராட்ட விவசாயிகளோடு தங்கி, விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு கேட்டு நின்றவர்களை வரைந்தார். அச்சில் நன்றாக விழ வேண்டும் என்பதற்காகவே இவர்கள் தடித்த கோட்டில், மரத்திலும் லினோலியத்திலும் வெட்டுகிற முறையைக் கையாண்டார்கள். மட்டமான காகிதம், மலிவான மை, அவசரமான அச்சு. அந்த வறுமைக்குள் எது தெளிவாக நிற்கும் என்று கணக்குப் பார்த்து வந்த கோடு அது.

மஞ்சள் முக்கோணம்

தோழர்களே, பழங்கதை போதும். இனி சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். முக்கியமாகக் காட்டுமன்னார்கோயில், புவனகிரி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்திலிருந்து வந்திருக்கிற விவசாயத் தொழிலாளர்கள் கேட்க வேண்டும்.

வயலில் தெளிக்கிற விஷ டப்பாவின் மேல் வைரம்போல நிமிர்த்திய ஒரு சதுரம் இருக்கும். 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம், அதன்கீழ் வந்த 1971ஆம் ஆண்டு விதிகள் ஆகியவை கட்டளையிட்ட அடையாளம் அது. சதுரத்தின் கீழ்ப் பாதி ஒரு முக்கோணம், அதில் நிறம். மிகக் கொடிய விஷத்துக்குச் சிவப்பு. அதற்கு அடுத்த கடும் விஷத்துக்கு மஞ்சள். நடுத்தரத்துக்கு நீலம். குறைந்ததற்குப் பச்சை. மேல் பாதியில் எச்சரிக்கை. சிவப்புக்கு மட்டும்தான் மண்டையோடும் குறுக்கெலும்பும் வரைய வேண்டும் என்று விதி. மஞ்சளுக்கு 'விஷம்' என்ற சொல் போதும், படம் தேவையில்லை. நீலத்துக்கும் பச்சைக்கும் 'அபாயம்', 'எச்சரிக்கை' என்ற சொற்கள் மட்டும்.

இதைத் தீட்டியவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருந்தது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இது யாருடைய கண்ணுக்காகத் தீட்டப்பட்டது? சிவப்பு நில், மஞ்சள் கவனி, பச்சை போ என்பது பட்டணத்துச் சாலைச் சந்தியில் பழகியவன் கணக்கு. நம் தாய்மார்களைக் கேளுங்கள், மஞ்சள் என்றால் என்ன? தாலிக்கயிறு மஞ்சள், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்தில் மஞ்சள், புதுத்துணியில் மஞ்சள், பொங்கல் பானைக் கழுத்தில் மஞ்சள் கொத்து. மஞ்சள் மங்கலம்! அந்த மங்கலத்தைக் கடும் விஷத்தின் நெற்றியில் பூசி, பக்கத்தில் படமும் போடாமல் விட்டிருக்கிறார்கள்.

அது மட்டுமா? நம் மொழியில் அந்தச் சரக்குக்கு நாம் கொடுத்திருக்கிற பெயரைப் பாருங்கள். 'மருந்து'! பூச்சி மருந்து, களை மருந்து, மருந்து அடிக்கிறோம், மருந்துக்கடை. நோயாளிக்குக் கொடுப்பதும் மருந்து, முதுகில் கட்டிக்கொண்டு தெளிப்பதும் மருந்து. சொல் மருந்து என்கிறது, நிறம் மங்கலம் என்கிறது. டப்பாவோடு வரும் மடிப்புத்தாளில் எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் பல மொழிகளில் விவரம் இருக்கிறது. அதை யார், வரப்பில் நின்று, வேர்வை வழியும் கண்ணோடு வாசிக்கப் போகிறார்கள்? உண்மையைச் சொல்லக்கூடியது படம் ஒன்றுதான். அதைத்தான் அங்கே வைக்கவில்லை.

பாராகுவாட் என்ற களைக்கொல்லி நம் நாட்டில் இந்த மஞ்சள் முக்கோணத்தோடுதான் விற்பனைக்கு வந்தது. உடம்புக்குள் சேர்ந்தால் நுரையீரலைக் கெடுக்கும், முறிவு மருந்து கிடையாது. ஐரோப்பிய யூனியனில் 2007ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் அதன் அனுமதி ரத்தாயிற்று. அப்படிப்பட்ட சரக்கின் மேல் ஒரு மண்டையோடு இல்லை! தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் சித்திரக்காரனைத் தேடிப் பிடித்த உலகத்தில், இந்த டப்பாவுக்கு ஒரு கோடு போட ஆள் இல்லை. காலி டப்பாவைக் கழுவித் தண்ணீர் மொள்ள எடுத்துப்போகும் வீடுகள் இன்றும் உண்டு. அதைச் செய்யாதீர்கள், எத்தனை முறை கழுவினாலும் செய்யாதீர்கள்.

படம் போட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? இல்லை. ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய அமைப்பு 1980களில் பூச்சிக்கொல்லிக் கம்பெனிகளின் சர்வதேசச் சங்கத்தோடு சேர்ந்து சில படக்குறிகளைத் தயார் செய்தது. கையுறை போடு, பூட்ஸ் போடு, முகத்தை மூடு, வேலை முடிந்தபின் கை கழுவு, பூட்டி வை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி. நல்ல முயற்சிதான். ஆனால் கையுறையைத் தனியாக, பூட்ஸைத் தனியாக வரைந்திருக்கிறார்கள். வாழ்நாளில் பூட்ஸ் போடாதவனுக்கு அது வெட்டுப்பட்ட கால். கையுறை காணாதவளுக்கு அது துண்டான கை. மேலும், கையுறையும் பூட்ஸும் யார் வாங்கித் தருவது? படம் 'போடு' என்கிறது, பண்ணையாரோ அதற்கு ஒரு காசும் தருவதில்லை. அப்போது அந்தப் படம் எச்சரிக்கையாக இல்லாமல், பின்னால் பழியைத் தொழிலாளி தலையில் போடக் கம்பெனிக்கு ஒரு சாட்சியாகிவிடும். இதையும் மறக்கக்கூடாது.

ஆலைத் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையானாலும், சேத்தியாத்தோப்புக் கூட்டுறவு ஆலையானாலும், சிப்காட் ரசாயனத் தொழிற்சாலைகளானாலும் டிரம்களின் மேல் சிவப்பு ஓரமிட்ட வைர வடிவக் குறிகளைப் பார்த்திருப்பீர்கள். உலகம் முழுதுக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று ஐக்கிய நாடுகள் வகுத்த ஒன்பது குறிகள் அவை. தீ நாக்கு புரிகிறது. கையில் சொட்டி அரிக்கும் திரவம் புரிகிறது. ஆனால் ஒரு மனிதனின் மார்பில் நட்சத்திரம் வெடித்ததுபோல ஒரு குறி உண்டு. மெடல் குத்திக்கொண்ட வீரன் மாதிரி இருக்கிறது. அதன் அர்த்தம் என்ன தெரியுமா? புற்றுநோய், மூச்சுக்குழாய்க் கோளாறு போல நெடுநாளில் உள்ளே கொல்லும் சரக்கு என்று அர்த்தம். எவ்வளவு பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்?

சொல்லிக் கொடுத்தால் எந்தக் குறியும் பதியும். கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள் அல்லவா? பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும், மொத்தம் பதினொரு எண்கள். உருளைக்கும் புயலுக்கும் உருவத்தில் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனாலும் கூண்டு எண்ணைச் சொன்னால் முதுநகர் மீனவர் மட்டுமல்ல, உள்நாட்டு விவசாயியும் வைக்கோலை மூடப் போகிறான். தலைமுறை தலைமுறையாக அந்தக் குறியும் அது சொன்ன சேதியும் ஒன்றாக வந்தன. கூண்டு ஏறினால் காற்று வந்தது. ஆலை டிரம்மின் குறிக்கோ அப்படிப்பட்ட பழக்கத்தை யாரும் உண்டாக்கவில்லை.

படத்தால் பொய்யும் சொல்லலாம். ஆலை உற்பத்தி இரண்டு மடங்கு ஆயிற்று என்று காட்ட, ஒரு மூட்டையும் அதைவிட இருமடங்கு உயரமான இன்னொரு மூட்டையும் பத்திரிகையில் போடுவார்கள். உயரம் இருமடங்கானால் அகலமும் இருமடங்கு, தாளில் அது நான்கு மடங்கு இடத்தை அடைக்கும். கண் நான்கு மடங்கு என்றே எண்ணிக்கொள்ளும். வியன்னா நகரில் 1920களில் தொழிலாளருக்காகப் பொருளாதார மியூசியம் நடத்திய ஓட்டோ நாய்ரத் என்பவர் இதற்கு ஒரு விதி வகுத்தார்: இருமடங்கென்றால் அதே அளவில் இரண்டு மூட்டை போடு, பெரிய மூட்டை போடாதே. கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் அதற்காக லினோலியத்தில் நூற்றுக்கணக்கான சிறு உருவங்களை வெட்டினார். சட்டைப்பையில் கைவிட்டு நிற்கும் வேலையில்லாதவன், கைகட்டி நிற்கும் வேலைநிறுத்தக்காரன். இன்று நிலையங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் காணும் ஆள் குறிகளுக்கு அவையே மூதாதை. 1934ல் வியன்னாவில் பிற்போக்குச் சர்க்கார் தொழிலாளர் இயக்கத்தை நசுக்கியதும் அவர்கள் நாட்டைவிட்டே போக வேண்டியதாயிற்று. கூலி உயர்வுக்கான துண்டுப்பிரசுரம் போடுகிற சங்கத் தோழர்கள் அந்த விதியைக் கடைப்பிடியுங்கள். நம் கணக்கு உண்மையானது, பெரிய மூட்டை நமக்குத் தேவையில்லை.

பிரஷ் பிடித்த கை

இதையெல்லாம் வரையக்கூடிய ஆட்கள் எங்கே? இங்கேதான் இருந்தார்கள். திருப்பாதிரிப்புலியூரிலும் சிதம்பரத்துத் தேரோடும் வீதிகளிலும் 'ஆர்ட்ஸ்' என்று பலகை மாட்டிய சிறு கடைகள் இருந்தன. தட்டிக்கு வெள்ளைத்தாள் ஒட்டி, நூலில் சாக்பொடி தடவி இழுத்துக் கோடு தெறித்து, சின்னப் படத்தில் கட்டம் போட்டு அதைப் பத்தடி பெரிதாக்கிச் சுவரில் ஏற்றுவார்கள். அவர்களுக்குத் தெருவில் நடக்கிறவன் எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பான், எந்த நிறம் வெயிலில் வெளுக்கும், எந்த முகம் உள்ளூர் முகம் என்பது தெரியும். தவறாகப் போட்டால் டீக்கடையிலிருந்தே ஒருவர் கத்துவார்: 'என்னப்பா, மாட்டுக்குக் கழுதைக் காது வச்சிருக்கே!' அந்த ஒரு சத்தம்தான் சித்திரக்காரனுக்குப் பள்ளிக்கூடம்.

2000க்குப் பின் ஃப்ளெக்ஸ் வந்தது. ஓர் இரவில் பத்துப் பேனர் அச்சடிக்கும் இயந்திரத்தோடு பிரஷ் போட்டியிட முடியவில்லை. போர்டு எழுதிய கைகள் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கப் போயின. இயந்திரத்தின் மேல் நமக்குக் கோபமில்லை, அதுவும் உழைப்பாளி செய்ததுதான். ஆனால் அந்த இயந்திரத்தில் என்ன அச்சாகிறது? காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே மாதிரி வரிசை வரிசையாகப் பாஸ்போர்ட் முகங்கள். விவசாயி என்றால் எங்கிருந்தோ இறக்கிய படம்: கோதுமை வயலில் தலைப்பாகையோடு சிரிக்கும் ஒருவர். சிதம்பரத்தில் கோதுமை எங்கே விளைகிறது? இப்போது கம்ப்யூட்டரிடம் வாயால் சொன்னாலே படம் போட்டுக் கொடுக்கிறது என்கிறார்கள். கொடுக்கட்டும். அது உலகத்தில் ஏற்கனவே குவிந்து கிடக்கிற படங்களிலிருந்துதான் கற்றுக்கொள்கிறது. அந்தக் குவியலில் நடவுக்காரி எத்தனை பேர் இருப்பார்கள்? அதுவும் போகட்டும், அதன் படம் தப்பென்று டீக்கடையிலிருந்து கத்தினால் அதற்குக் காது கேட்குமா? 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் ஒரு பேனர் சரிந்து, வண்டியில் போன இளம்பெண் உயிரிழந்தாள். அவ்வளவு பெரிய பேனர் யாருக்கு என்ன சேதி சொல்வதற்காக வைக்கப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த இரண்டு ஊர்களிலும் பிரஷை மூட்டை கட்டி வைத்துவிட்ட ஓவியத் தோழர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இன்று நம் அழைப்பை ஏற்று வந்து, பின்னால் கரும்பலகையருகே நிற்கிறார். மஞ்சள், நீல டப்பாக்களுக்கு நாமே ஒரு படத்தாள் தயாரித்து, விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் மூலம் மருந்துக்கடை வாசல்களிலும் களத்துமேட்டுச் சுவர்களிலும் ஒட்டலாம் என்பது யோசனை. விதியைத் திருத்தி எல்லா விஷத்துக்கும் படம் போடச் சொல்லி மனுக் கொடுக்கும் வேலையும் இருக்கிறது. ஆனால் எந்தப் படம் என்பதை மேடையிலிருந்து தீர்மானித்தால் நாமும் ஒரு தேளைத்தான் வரைவோம்.

ஆகையால் யாரும் எழுந்து போக வேண்டாம். பலகையில் நான்கு படங்களை ஒவ்வொன்றாகக் காட்டுவோம். என்ன அர்த்தம் என்று நாம் சொல்ல மாட்டோம், நீங்கள் சொல்ல வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற தாய்மார்கள் முதலில், மருந்து அடிக்கிற தோழர்கள் பிறகு, படித்த பிள்ளைகள் கடைசியில். புரியாததைப் புரிந்தது என்று சொல்லி நம்மைச் சந்தோஷப்படுத்த வேண்டாம். இதைவிட நன்றாக எனக்கு வரையத் தெரியும் என்கிற தாய்மார்களுக்காக இரண்டு படி கோலமாவு வாங்கி வைத்திருக்கிறோம், மேடைக்கு முன்னால் தரையும் மெழுகியிருக்கிறது. தோழர், அந்த விளக்கைக் கொஞ்சம் இறக்கிக் கட்டுங்கள்.